கவிழ்ந்து கிடக்கும் தட்டு

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். மனைவி திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். இதைப் படித்தால் சில விஷயங்களைக் கேட்பாள். பதில் சொல்லும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

உங்களுக்குத் தெரியும், நான் பேசுகிற ஆள் இல்லை. கடையில் என் கடைசி நாளன்று கேக் வெட்டி, "அண்ணாச்சி, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று நீங்கள் சொன்னபோது கைகழுவப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன். போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து, "உங்க மேசையில தட்டு கவிழ்ந்து கெடக்கு அண்ணாச்சி, எடுத்துடலாமா?" என்று கேட்டீர்கள். அதற்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. "இருக்கட்டும்" என்று வைத்துவிட்டேன். அந்தத் தட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர முடியும்.

நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்து மெல்பர்ன் வந்தோம். எனக்கு இங்கிலீஷும் கிடையாது, படிப்பும் கிடையாது. ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் பெட்டி அடுக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக்கு ஏற்றபடி ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் வெடிமருந்து நிரப்பிக் கொடுக்கிற இடம் அது என்று எனக்குத் தெரியாது. மருந்து அறையைக் காட்டினார்கள். வாசலில் நின்று நைலான் ஜாக்கெட்டைக் கழற்றினேன், செருப்பை விட்டேன், உடம்பில் மின்பொறி மிஞ்சாதபடி இரும்புக் கதவை உள்ளங்கையால் தொட்டுவிட்டு நுழைந்தேன். சிவகாசியில் பட்டாசு ஆலைக்குள் எப்படி நுழைவோமோ அப்படி. முதலாளியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றே என்னைப் பெட்டி அடுக்குவதிலிருந்து எடுத்து, தராசுக்கு முன்னால் உட்கார வைத்தார்.

அவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்குப் பிடிக்காது. நீங்கள் வருவதற்கு முன்பே கடையை மகளிடம் கொடுத்துவிட்டுக் கடலோரம் போய்விட்டார். வேறு தேசத்திலிருந்து வந்தவர். அவர் இங்கிலீஷும் என்னுடையதைப் போலத் துண்டு துண்டாகத்தான் இருக்கும். அதனால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது.

பின்பக்கம் ஒரு இரும்பு அலமாரி இருக்கிறதே, நீங்கள் 'ரிட்டர்ன்ஸ்' என்கிறீர்கள். அது இறந்தவர்களின் அலமாரி. ஒருவர் இறந்ததும் கராஜில் அவர் கையால் நிரப்பி வைத்த தோட்டாக்கள் மிஞ்சும். மகனோ மனைவியோ எடுத்து வந்து கொடுப்பார்கள். பெட்டியைத் திறந்தால் புகையிலை வாசனை வரும், சில பெட்டியில் நாய் ரோமம் இருக்கும், ஒன்றில் இருமல் மிட்டாய் இருந்தது. ஒருவர் நிரப்பியதை இன்னொருவர் சுடக் கூடாது என்பது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொன்றாகக் குண்டை உருவி, மருந்தைத் தனியே கொட்டி, பித்தளைக் கூட்டை நசுக்கிவிடுவோம். மருந்தைப் பின்னால் இருக்கிற எலுமிச்சை மரத்தடியில் தூவிவிடச் சொல்வார் முதலாளியம்மா. நல்ல உரம்.

அந்த மரத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் காலத்திலும் இலை கருப்பாகத் தெரிகிற பச்சை. எந்தக் காலத்திலும் காய். ஒரு பழத்தை நான் பறித்ததில்லை. கடையில் மற்றவர்களும் பறித்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று ஒருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.

முதல் முறை இறந்தவர் பெட்டி ஒன்றை நான் தராசில் வைத்தபோது முதலாளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தராசு எவ்வளவு என்று சொல்லும், என்ன என்று சொல்லாது. உள்ளே இருப்பதைத் தெரிந்தவன் இப்போது இல்லை. இதைத்தான் அவருடைய உடைந்த இங்கிலீஷில் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். அதன் பொருள் எனக்கு உறைத்தது ஜெகன் வந்த அன்றுதான்.

ஜெகன் யாழ்ப்பாணத்துக்காரர், எலக்ட்ரீசியன். அவரும் அவர் சிநேகிதர் ராசனும் ஒன்றாக மலைக்குப் போய் மான் வேட்டையாடுகிறவர்கள். எங்கள் பக்கம் மிளா என்கிற பெரிய மானை அவர்கள் மரை என்பார்கள். அது இலங்கையிலிருந்து இங்கே கொண்டுவந்து விட்ட மான்தானாம். "அதுவும் எங்களை மாதிரி வந்ததுதான், ஆனா அதுக்கு விசா கேக்கிறதில்லை" என்பார் ஜெகன். இருவரும் ஒரே நாளில் ஒரே ரகத் துப்பாக்கி வாங்கியவர்கள். ராசன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்வார், எங்களிடம் சாமான் மட்டும் வாங்குவார். ஸ்கேல் வைத்து எழுதியது போன்ற எழுத்து. மருந்து டப்பா வாங்கும்போது மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார். பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வார், ஒரு சின்னச் செருமல். அவர் கடைக்குள் வந்துவிட்டார் என்பது எனக்கு அந்தச் சத்தத்தில்தான் தெரியும். போகும்போது, "போட்டு வாறன்" என்பார், நம் 'போயிட்டு வர்றேன்'தான் அது.

ராசன் திடீரென்று இறந்துவிட்டார். நெஞ்சுவலி. செத்தவீட்டுக்கு நானும் போயிருந்தேன்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை மதியம் ஜெகன் கடைக்கு வந்தார். முதலாளியம்மா பல் டாக்டரிடம் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். வழக்கமாக உள்ளே நுழையும்போதே, "என்ன சிவகாசி, இன்னும் வெடிக்கேல்லையோ?" என்பார். நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டால், "உந்த அண்ணாச்சியைக் கேக்க எனக்கு மளிகைக்கடை வைச்சிருக்கிற மாதிரிக் கிடக்கு" என்று சிரிப்பார். அன்றைக்கு நேரே வந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை மேசையில் வைத்தார். ராசனுடைய எழுத்து ஒட்டியிருந்தது.

ராசனின் மனைவி அதை அவரிடம் கொடுத்தாராம். மறுநாள் மாலை எட்டுச்செலவு. இறந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டை எல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். ராசனுக்கு மரை இறைச்சி என்றால் உயிர். ராசன் கையால் நிரப்பிய தோட்டாவிலேயே ஒரு மரையைச் சுட்டு அந்தப் படையலில் வைக்க வேண்டும் என்று ஜெகன் நினைத்திருந்தார். இங்கிருந்து நேரே மலைக்குப் போகிறேன், ஒருதரம் பார்த்துச் சொல் என்றார். காரில் துப்பாக்கியும் குளிர்ப்பெட்டியும் இருந்தன.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: கூடாது. அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. செத்தவீட்டில் சவப்பெட்டியைத் தூக்கியவர் அவர். அவருடைய கண் சிவந்து கிடந்தது. நான் தோட்டாவை எடுத்து ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். எல்லாம் ஒரே எடை. காதோரம் வைத்து ஆட்டினேன். உள்ளே மணல் நகர்கிற மாதிரி மெல்லிய சத்தம், எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோல. நீளம் சரி. பளபளப்பு சரி. நாங்கள் செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

ஒன்று மட்டும். பெட்டியில் எல்லாத் தோட்டாவும் கூர்முனை கீழே இருக்கும்படி நின்றன. கடைசி வரிசை மட்டும் கூர்முனை மேலே பார்த்து நின்றது. அந்த வரிசையில் ஒரு குழி காலி.

ஏன் இது மட்டும் திரும்பியிருக்கிறது என்று கேட்டேன்.

"வைக்கேக்க மாறி வைச்சிருப்பான். அதிலை என்ன?"

ராசன் மாற்றி வைக்கிற ஆள் இல்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவகாசியில் மருந்து சலிக்கிறவன் பாதியில் எழுந்து போக வேண்டி வந்தால் சல்லடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான். வேலை முடியவில்லை, நான் வருகிறேன், அதுவரை தொடாதே என்று அர்த்தம். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒன்பது வயதில் உள்ளே போகிற பிள்ளைக்கும் இரண்டாவது நாளே தெரிந்துவிடும். கவிழ்ந்த சல்லடையைக் கண்டால் அந்த மூலைக்கே போக மாட்டோம். அந்த வரிசையைப் பார்த்தபோது, ராசன் எங்கேயோ எழுந்து போயிருக்கிறார், திரும்பி வருவார், நாங்கள் இருவரும் அவர் மேசையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறோம் என்றுதான் தோன்றியது.

ஒன்றைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். ஜெகனுக்குக் கோபம் வந்துவிட்டது. குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அவன்ர கையாலை செய்ததிலை இதுதான் மிச்சம். உடைக்க விடமாட்டன். நிறை சரியோ? சரி எண்டு நீங்களே சொன்னனீங்கள். தாங்கோ."

பெட்டியை மூடி இழுத்தார். நான் மூடியின் மேல் கையை வைத்திருந்தேன். வாதம் செய்ய எனக்கு வராது. தோன்றியதைச் சொன்னேன்.

"எனக்கு ஒன்னு குடுங்க அண்ணாச்சி. ராசன் ஞாபகமா வச்சிக்கிறேன்."

அதற்கு அவரால் மறுக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். நான் திரும்பி நின்ற வரிசையிலிருந்து ஒன்றை எடுத்தேன். எடுத்த கையோடு, குண்டை உருவுகிற சுத்தியலில் மாட்டி, மரக்கட்டையில் ஓங்கித் தட்டினேன். அவர் "டேய்" என்றார். அதுவரை என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் இன்னொரு தட்டுத் தட்டினேன். குண்டு கழன்றது. வெள்ளைத்தாளில் மருந்தைக் கொட்டினேன்.

வேட்டைத் துப்பாக்கிக்குப் போடுகிற மருந்து குட்டிக் குட்டிக் குச்சியாக இருக்கும். தாளில் கிடந்தது தட்டையான செதில், மிளகாய் விதையை நசுக்கிய மாதிரி. கைத்துப்பாக்கிக்குப் போடுகிற மருந்து. ராசன் கைத்துப்பாக்கி கிளப்பிலும் சுடுகிறவர், அந்த டப்பாவும் அவரிடம் இருக்கும். எடை ஒன்றுதான். ஆனால் அது எரிகிற வேகத்துக்கு, ஜெகன் தோளில் வைத்துச் சுட்டிருந்தால் துப்பாக்கி முகத்துக்கு நேரே பிளந்திருக்கும்.

விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜெகனும் பல வருஷம் சுடுகிறவர். தாளைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சனிக்கிழமையே மலைக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னார்.

"பொழுதுபடுற நேரம். மரை ஒண்டு வந்து நிண்டது அண்ணை. கிட்ட. ஓடேல்லை, என்னைப் பாத்து அசைபோட்டுக்கொண்டு நிண்டது. அந்த வரிசையிலை ஒண்டைத்தான் போட்டனான். விசையிலை விரல் வைச்சிட்டன். எனக்குப் பின்னாலை செருமினான்."

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"திரும்பிப் பாத்தன். மரந்தான் நிக்குது. இஞ்சால பாத்தா மரையும் இல்லை. அதுதான் உங்களிட்டை வந்தனான். பாத்துச் சரி எண்டு சொன்னால் போகலாம் எண்டு."

அந்தத் தோட்டாவை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கழற்றிப் பெட்டியில் போட்டாராம். எந்தக் குழியில்? இருட்டிக்கொண்டு வந்தது, எந்தக் குழி காலியாக இருந்ததோ அதில் குத்தினேன், கூர்முனை கீழே இருக்கும்படி என்றார்.

ராசன் வைத்த அடையாளம் ஒன்றில் அழிந்துவிட்டது. நல்லவற்றுக்குள் ஒன்று கலந்து நிற்கிறது. தராசுக்குத் தெரியாது. என் காதுக்கும் தெரியாது. முதலாளியம்மா என் கையைப் பிடித்த அன்று சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

"எல்லாத்தையும் உருவணும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி நின்ற வரிசையை முதலில் முடித்தேன். எல்லாம் செதில். பிறகு மற்றவை. நான் தட்டிக் கொட்டக் கொட்ட, அவர் தாளைக் குனிந்து பார்த்து, "குச்சி" என்பார். தட்டல், "குச்சி". தட்டல், "குச்சி". வெளியே நல்ல பகல், பக்கத்துப் பட்டறையில் ரேடியோ ஓடுகிறது. இருந்தும் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் என்று என்னால் நினைக்க முடியவில்லை. பெட்டி பாதிக்கு மேல் காலியாகியது. அடுத்ததற்குக் கையை நீட்டினேன்.

என் பின்னால் யாரோ செருமினார்கள். ஒரு சின்னச் செருமல்.

ஜெகன்தான் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவர் மேசைக்கு எதிர்ப்பக்கம், என் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தார். அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களோ செருமினது?"

"நீங்கதான்னு நெனச்சேன்."

என் கை அந்தத் தோட்டாவின் மேல்தான் இருந்தது. எடுத்தேன், தட்டினேன், கொட்டினேன். ஜெகன் குனிந்து பார்த்தார். குச்சி என்று சொல்லவில்லை.

மீதியையும் உருவினோம். கண்டுபிடித்துவிட்டோமே என்று நிறுத்தவில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், நிறுத்தாதீர்கள். எல்லாம் குச்சியாகவே வந்தன.

மருந்தை இரண்டு பேருமாக எடுத்துப்போய் எலுமிச்சை மரத்தடியில் தூவினோம். மண்ணைக் காலால் தள்ளி மூடினேன். ஜெகன் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கையை நீட்டி ஒரு பழத்தைப் பறித்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "மரை இல்லை. இதையாவது வைப்பம்" என்றார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மலைக்குப் போகவில்லை. வீட்டுக்குத்தான் போனார். கார் அவர் வீட்டுத் திசையில் இடப்பக்கம் திரும்புகிறவரை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

மறுநாள் மாலை எட்டுச்செலவுக்குப் போனேன். வாழையிலையில் ஆட்டிறைச்சி, மீன் குழம்பு, முட்டை, ஒரு கிளாஸில் சாராயம். ஓரத்தில் அந்த எலுமிச்சம்பழம். ஜெகன் ராசனின் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார், செருமலை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார். அந்த அம்மா அழவில்லை. அன்று ராசன் கராஜில் வேலை செய்துகொண்டிருந்தாராம். உள்ளே வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாராம். ஆம்புலன்ஸுக்குத் தானே நடந்து போனாராம்.

"ஏறேக்க திரும்பிச் சொன்னவர்" என்றார் அந்த அம்மா. "மேசையிலை ஒண்டு பிழையாப் போச்சு, ஒருத்தரையும் தொட விடாதை, போட்டு வாறன் எண்டு. நான் நெஞ்சு வருத்தத்திலை ஏதோ கதைக்கிறார் எண்டு நினைச்சன். தம்பி கேட்க எடுத்துக் குடுத்திட்டன்."

ஜெகன் எழுந்து வெளியே போய்விட்டார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ராசனின் பிழை ஒன்றுதான். மேசையில் ஒரே நேரத்தில் இரண்டு டப்பாவை வைத்திருக்கிறார். அவ்வளவு கவனமான மனிதர். ஒரு டப்பா மேசையில் இருக்கும்போது இன்னொன்றின் மூடியைத் திறக்காதீர்கள் என்று நான் உங்களை நச்சரித்தது இதனால்தான். ஆனால் பிழையை அவர் பார்த்துவிட்டார். வலி வந்தபோதும் அந்த வரிசையைத் திருப்பி வைக்க அவருக்கு நேரம் இருந்தது. ஏன் என்று ஒருவருக்கும் சொல்ல நேரம் இல்லை. அது என்னை இன்னும் தூங்க விடாது. நம் அடையாளம் நமக்கு மட்டும் புரிந்தால், நாம் இல்லாதபோது அது யாரையாவது கொன்றுவிடும். பக்கத்து மேசைக்காரருக்குச் சொல்லி வையுங்கள். உங்கள் அடையாளத்தை இன்னொருவர் தெரிந்து வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்படுகிற ஆள் சொல்கிறேன்.

செருமலைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியாது. பக்கத்துப் பட்டறை ரேடியோவாக இருக்கலாம். நான் அப்படி நினைத்துக்கொள்ளப் பலமுறை முயற்சி செய்திருக்கிறேன். ஜெகன் இப்போதும் வேட்டைக்குப் போகிறார். தோட்டாவை எங்களிடம்தான் வாங்குகிறார். என்னைச் சிவகாசி என்று கூப்பிடுவதை அன்றோடு விட்டுவிட்டார். வருஷத்துக்கு ஒருதரம் ராசனின் திவசத்தன்று வந்து ஒரு பழம் பறித்துக்கொண்டு போவார். அவர் வந்தால் தடுக்காதீர்கள்.

இப்போது என் தட்டு, நான் மருந்து கொட்டி நிறுக்கிற தட்டு. இரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது, இனி அந்த வேலை கூடாது என்று டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள் என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் நீங்கள் கேக் வெட்டக் கூப்பிட்டீர்கள். நான் எழுந்தபோது, அந்தச் சல்லடைப் பழக்கத்தில் கை தன் பாட்டுக்குத் தட்டைக் கவிழ்த்துவிட்டது. வாயும் எப்போதும் போல, "போயிட்டு வர்றேன்" என்றுவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையிலும் அந்த மேசைக்கு முன்னால் நிற்கிற மாதிரி ஒரு நினைப்பு. நீங்கள் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். யாராவது அந்தப் பக்கம் தனியாக இருக்கும்போது பின்னால் ஏதாவது சத்தம் கேட்டிருந்தால், அது நானாகக்கூட இருக்கலாம்.

தம்பிகளா, நான் திரும்பி வரப்போவதில்லை. தட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை. நான் பாதியில் விட்ட வேலை எதுவும் அந்த மேசையில் இல்லை. நிமிர்த்தி, துடைத்து, உங்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை.